அதிகாலை மூன்று மணிக்கு வேன் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது: இரண்டாவது பேட்டரி வாங்கலாமா?

ஊர்சுற்றி_கோவை எழுதியது:

வணக்கம். நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவியும் நானும் பழைய பயணியர் வேன் ஒன்றை வாங்கி, கட்டிலும் சமையல் மேடையும் வைத்து நான்கு மாதமாகக் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டிருக்கிறோம். (ஆர்.டி.ஓ. அலுவலக வேலையெல்லாம் முறைப்படி முடித்தாயிற்று. அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம், அந்தக் கதை தனி நூலுக்கு வரும்.) இப்போது கும்பகோணத்தில் இருக்கிறோம்.

வண்டியில் உள்ளவை: வீட்டு இன்வெர்ட்டரில் இருந்த 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் (ஈய அமில வகை) பேட்டரி, பின்பக்கக் கட்டிலுக்கு அடியில். கூரையில் 165 வாட் சூரியத் தகடு இரண்டு. 1000 வாட் இன்வெர்ட்டர். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் 40 லிட்டர் 12 வோல்ட் ஃபிரிட்ஜ். இரவில் ஒரு மேசை மின்விசிறி, இரண்டு கைப்பேசி, எல்.இ.டி. விளக்குகள்.

சிக்கல் இதுதான். விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்கு ஃபிரிட்ஜ் கீச்சென்று கத்திவிட்டு நின்றுவிடுகிறது. திரையில் ஏதோ பிழைக்குறி. எழுந்து பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால் 12.2 காட்டுகிறது. காலை எட்டு மணிக்கு வெயில் ஏறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது. தயிர் புளித்தால் பரவாயில்லை, மனைவியின் இன்சுலின் அதற்குள் இருக்கிறது.

இங்கே ஒரு பேட்டரிக் கடையில் காட்டினேன். "பேட்டரி இறங்கிவிட்டது, இன்னொரு 150 சேர்த்துப் போடுங்கள்" என்றார்கள். போடலாமா?

மாதவரம்_வேன்காரி எழுதியது:

ஐயா, டியூபுலரைத் தூக்கிப் போட்டுவிட்டு லித்தியத்துக்கு மாறுங்கள். என் வண்டியில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் இருக்கிறது. எடை 12 கிலோதான். உங்களுடையது 50 கிலோவுக்கு மேல் இருக்குமே. ஈய அமிலத்தில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். இதில் எண்பது, தொண்ணூறு சதவீதம் வரை எடுக்கலாம்.

சேலம்ரோடு_வயர்மேன் எழுதியது:

சார், யார் சொன்னாலும் இன்றைக்குப் பணத்தை வெளியே எடுக்காதீர்கள். கடைக்காரர் சொன்னாலும் சரி, மேலே தங்கை சொன்னாலும் சரி. லித்தியம் நல்ல பொருள்தான், மறுக்கவில்லை. ஆனால் நோய் என்னவென்று தெரியாமல் மருந்து எழுதக் கூடாது.

நான் நாமக்கல்லில் 31 வருடமாக லாரிக்கு வயரிங் செய்கிறவன். வண்டி வந்து நின்றதும் "பேட்டரி போய்விட்டது" என்றுதான் ஓட்டுநர் இறங்குவார். எனக்கு இத்தனை வருடம் சோறு போட்டது செத்த பேட்டரி அல்ல. பச்சை பூத்த டெர்மினலும், இளைத்த வயரும், பெயின்ட் மேல் முறுக்கிய எர்த்தும்தான்.

12.2 என்று எங்கே வைத்துப் பார்த்தீர்கள்? பேட்டரித் தலையில். ஃபிரிட்ஜ் பேட்டரித் தலையிலா உட்கார்ந்திருக்கிறது? அது வண்டியின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. இன்று இரவு படுக்கும் முன், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போதே (நின்ற பிறகு பார்த்தால் பயனில்லை, மின்சாரம் ஓடாத வயரில் இழப்பும் இருக்காது) பேட்டரியில் ஒரு முறை, ஃபிரிட்ஜ் பிளக் செருகும் இடத்தில் ஒரு முறை வோல்ட் பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள். கூடவே வயர் எத்தனை சதுர மில்லிமீட்டர், எந்த வழியாகப் போகிறது, எத்தனை மீட்டர் என்பதையும்.

எதற்கு இவ்வளவு கேட்கிறேன் என்றால், வீட்டில் 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட்டில் ஒரு வோல்ட் தொலைந்தால் எட்டு சதவீதம் போயிற்று. அதோடு, 60 வாட் ஃபிரிட்ஜ் வீட்டு மின்சாரத்தில் கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதே 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர். வாய்க்கால் அதே அகலம், தண்ணீர் இருபது மடங்கு. வீட்டு வயரிங் செய்பவர்கள் வேனில் கை வைத்தால் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இன்னும் இரண்டு கேள்வி, இவற்றுக்கு நாளை வரை காத்திருக்க முடியாது. பேட்டரியின் பாசிட்டிவில் ஃப்யூஸ் இருக்கிறதா? கட்டிலுக்கு அடியில் காற்று வெளியே போக வழி இருக்கிறதா?

ஊர்சுற்றி_கோவை எழுதியது:

உடனே பார்த்துவிட்டேன் ஐயா. கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரியில் 12.3. ஃபிரிட்ஜ் செருகும் இடத்தில் 11.2. இரண்டு முறை பார்த்தேன், மல்டிமீட்டர் கெட்டுவிட்டதோ என்று.

வயர் 1.5 சதுர மில்லிமீட்டர். வீடு கட்டியபோது மிஞ்சிய சுருள். பேட்டரியிலிருந்து மேலே ஏறி, கூரை ஓரமாகப் போய், முன்னால் இறங்குகிறது. போகும் வழி 7 மீட்டர். முனையில் சிகரெட் லைட்டர் மாதிரியான சாக்கெட். அதைத் தொட்டால் சூடாக இருக்கிறது.

ஃப்யூஸ் இல்லை. கட்டில் பெட்டிபோல நான்கு பக்கமும் பலகை அடித்தது, மூடி உண்டு. நேற்று வரை அதை நல்ல வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேலம்ரோடு_வயர்மேன் எழுதியது:

பேட்டரி 12.3-இல் உயிரோடு இருக்கிறது. ஃபிரிட்ஜ் 11.2-இல் தவித்துக்கொண்டிருக்கிறது. நடுவில் 1.1 வோல்ட்டை உங்கள் வயரும் சாக்கெட்டும் தின்றுவிட்டன. மூன்று மணிக்குப் பேட்டரி இன்னும் கொஞ்சம் இறங்கியதும் ஃபிரிட்ஜுக்கு 11 வோல்ட் அளவில்தான் வருகிறது. பேட்டரி காலியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டு அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. அது நின்ற உடனே வயரில் இழப்பும் நின்றுவிடும். நீங்கள் எழுந்து போய்ப் பார்த்தால் 12.2 என்று பேட்டரி ஒன்றும் தெரியாத பிள்ளைபோல நிற்கும். கடைக்காரர் சொன்னபடி இன்னொரு 150 போட்டிருந்தால் மூன்று மணிக்கு நிற்பது ஐந்து மணிக்கு நின்றிருக்கும், அவ்வளவுதான்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும். 1.5 வயர் மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம். மின்சாரம் போய்த் திரும்பவும் வர வேண்டும், ஆகையால் 7 மீட்டர் அல்ல, 14. பெருக்கினால் 0.17 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் 0.85 வோல்ட் வயரிலேயே போயிற்று. மிச்சம் கால் வோல்ட் அந்தச் சூடான சாக்கெட்டில். தொட்டால் சுடுகிறது என்று நீங்கள் சொன்னது அந்தக் கால் வோல்ட்தான்.

6 சதுர மில்லிமீட்டர் மல்டிஸ்ட்ராண்ட் (பல இழை) செம்பு வயர் வாங்குங்கள். மீட்டருக்கு 3.3 மில்லி ஓம். கூரை வழியை விட்டுவிட்டுத் தரையோரமாக நேராக இழுத்தால் 5 மீட்டரில் முடியும். இழப்பு 0.17 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். நெகட்டிவுக்கும் தனி வயர் போடுங்கள். வண்டியின் உடம்பையே எர்த்தாக வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், பத்து வருடத் துரு எத்தனை ஓம் என்று அவரைக் கேளுங்கள். வாங்கும்போது ஒரு இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லைட்டர் சாக்கெட்டை வெட்டி எறிந்துவிட்டு, திருகிப் பூட்டும் வகையில் ஒன்று போடுங்கள். வயர் முனையில் லக் (உலோக வளையம்) அடிக்கும்போது சுத்தியலால் நசுக்காமல், கிரிம்பிங் கருவி இருக்கும் கடைக்கு வயரோடு போங்கள். ஈயப்பற்று மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள். ஓடும் வண்டியின் அதிர்வில் பற்று முடியும் இடத்தில் இழை ஒடிந்துவிடும்.

இப்போது ஃப்யூஸ். இதில் நான் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் கையைத் தொட்டால் ஷாக் அடிக்காது, அதனால் எல்லோரும் அதைப் பசு என்று நினைக்கிறார்கள். உங்கள் பேட்டரியின் இரு முனையும் உரசிக்கொண்டால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயும். 1.5 வயர் ஹீட்டர் கம்பிபோலச் சிவக்கும், அதன் மேல் உங்கள் மெத்தை. ஃப்யூஸ் இருப்பது ஃபிரிட்ஜைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் அது ஃபிரிட்ஜ் பக்கத்தில் இருந்து பயனில்லை. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வழிக்கு 15 ஆம்பியர். 1000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 100 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். அதற்கு 35 சதுர மில்லிமீட்டர் கேபிள், ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், 125 ஆம்பியர் ஃப்யூஸோடு. வீட்டு எம்.சி.பி. (டிரிப் ஆகும் சுவிட்ச்) சும்மா கிடக்கிறதே என்று எடுத்து மாட்டாதீர்கள். டி.சி.க்கு (பேட்டரி தரும் நேர்மின்சாரத்துக்கு) என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

அந்தக் கட்டில் பெட்டி. சார்ஜ் ஏறும்போது டியூபுலர் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அமில ஆவியும் வரும். வீட்டு வராந்தாவில் அது காற்றோடு போய்விடும். நீங்கள் அதை மூடிப் போட்டு அடைத்து, மேலே படுத்துத் தூங்குகிறீர்கள். இன்றைக்கே மூடியைத் திறந்து வையுங்கள். பிறகு பேட்டரியை அமிலம் தாங்கும் தட்டில் வைத்து, பட்டையால் இறுக்கி, பெட்டியின் மேல்பக்கத்திலிருந்து வண்டிக்கு வெளியே ஒரு குழாய் விடுங்கள். ஹைட்ரஜன் மேலே ஏறும், ஆகவே குழாய் மேலேதான் தொடங்க வேண்டும். இது வீட்டுக்காகச் செய்த பேட்டரி, குலுக்கலுக்குப் பழக்கமில்லாதது. இதன் ஆயுள் முடிந்ததும் தங்கை சொன்ன லித்தியத்துக்குப் போங்கள். அப்போது நானே சரி என்பேன்.

வயர் மாற்றும் வரை ஒரு தற்காலிக வழி. ஃபிரிட்ஜில் பேட்டரிப் பாதுகாப்பு என்று மூன்று நிலை இருக்கும். மேல்நிலையில் (சீக்கிரமே நிறுத்திவிடும் நிலை) இருந்தால் நடுநிலைக்கு மாற்றுங்கள். உண்மையில் பேட்டரி 12-க்கு மேல் இருப்பதால் இரண்டு நாளைக்கு இதனால் கேடில்லை. ஆனால் வயர் மாற்றியதும் மறக்காமல் மேல்நிலைக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் அப்போதுதான் பேட்டரி உண்மையாகவே சாகும்.

மேசை மின்விசிறி எதில் ஓடுகிறது? இன்வெர்ட்டரிலா?

ஊர்சுற்றி_கோவை எழுதியது:

ஆமாம் ஐயா, இன்வெர்ட்டரில்தான். கைப்பேசியும் அதில்தான். இன்வெர்ட்டரை நாங்கள் அணைப்பதே இல்லை. மூடியைத் திறந்துவிட்டேன். இன்று இரவு மனைவி முன் இருக்கையில் படுத்துக்கொள்வதாக அறிவித்துவிட்டாள்.

சேலம்ரோடு_வயர்மேன் எழுதியது:

அம்மா சொன்னது நியாயம்.

இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10 முதல் 20 வாட் வரை தின்னும். 12 என்றே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-மணி, யாருக்கும் ஒரு நன்மையும் இல்லாமல். உங்கள் மின்விசிறி 50 வாட் இருக்கும். இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்தால் 70 வாட், எட்டு மணி நேரத்துக்கு 46 ஆம்பியர்-மணி. 12 வோல்ட்டிலேயே ஓடும் 15 வாட் மின்விசிறி கிடைக்கிறது, அதற்கு எட்டு மணி நேரத்துக்குப் பத்து போதும். கைப்பேசிக்கு 12 வோல்ட்டிலிருந்து நேராக யு.எஸ்.பி. தரும் சாக்கெட் வாங்குங்கள். 12-ஐ 230 ஆக ஏற்றி, மறுபடி 5 ஆக இறக்குவது கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போக மதுரை வழியாகப் போவது.

ஃபிரிட்ஜ் மாலை ஆறு முதல் காலை எட்டு வரை பாதி நேரம் ஓடினால் 35 ஆம்பியர்-மணி. விளக்கும் கைப்பேசியும் சேர்ந்து ஏழு. மின்விசிறியும் இன்வெர்ட்டரும் இப்போது இருக்கிறபடி இருந்தால் (விசிறி ஓடும்போது 46, ஓடாத ஆறு மணி நேரம் இன்வெர்ட்டர் சும்மா தின்பது ஆறு) இரவுக்கு மட்டும் 94 போகிறது. 150-இல் பாதி 75 தானே? மாற்றினால் 52-இல் முடிந்துவிடும். பேட்டரி வாங்காமலே பேட்டரி பெரிதாகிவிட்டது.

மிக்ஸியை மட்டும் இன்வெர்ட்டரில் போடலாம். சட்னிக்கு மூன்று நிமிடம், 750 வாட், மொத்தமே மூன்றரை ஆம்பியர்-மணிதான். அந்த மூன்று நிமிடம் 70 ஆம்பியர் ஓடும், அதற்குத்தான் அந்தத் தடித்த கேபிள். இண்டக்ஷன் அடுப்பு பக்கமே போகாதீர்கள். 5 கிலோ சிலிண்டர் இருக்கிறதே.

பாரவண்டி_24 எழுதியது:

அண்ணே, நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் நீளவண்டி ஓட்டுகிறேன், மாதத்தில் 24 நாள் கேபின்தான் வீடு. வண்டி 24 வோல்ட். பாட்டுப் பெட்டிக்கும் மின்விசிறிக்கும் இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். ஆனால் ஒரு பேட்டரியில் மட்டும் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது. ஏன்?

சேலம்ரோடு_வயர்மேன் எழுதியது:

தம்பி, எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள், எல்லோரும் வருடத்துக்கு ஒரு பேட்டரி வாங்குகிறார்கள். டைனமோ இரண்டையும் ஒரே வரிசையாக நினைத்து 28 வோல்ட் கொடுக்கிறது. நீங்கள் ஒன்றிலிருந்து மட்டும் திருடினால் அது எப்போதும் அரைப்பட்டினி. மற்றது நிரம்பிய பிறகும் அதன் தலையில் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றுவது அந்த வயிறு நிறைந்ததில். செல்ஃப் அடிக்காமல் வண்டியைத் தள்ளும் நாளில் பழி பட்டினி கிடந்ததன் மேல் விழும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் 10 ஆம்பியரில் ஒன்று வாங்கி, இரண்டு பேட்டரியின் மொத்தத்திலிருந்து எடுங்கள். இப்போது இருக்கும் இரண்டையும் தனித்தனியாக 12 வோல்ட் சார்ஜரில் ஒரு முறை முழுதாக ஏற்றிவிட்டு மாட்டுங்கள்.

மாதவரம்_வேன்காரி எழுதியது:

அண்ணா, உங்கள் திட்டை ஏற்றுக்கொள்கிறேன். நான் லித்தியத்துக்கு மாறியபோது செய்த இரண்டு தவறுகளையும் சொல்லிவிடுகிறேன், ஐயாவுக்குப் பின்னால் உதவும்.

ஒன்று, வோல்ட்டைப் பார்த்து மிச்சம் எவ்வளவு என்று கணிக்கும் பழக்கம். ஈய அமிலம் 12.7-இலிருந்து படிப்படியாக இறங்கும், பார்த்தால் தெரியும். லித்தியம் நீண்ட நேரம் 13-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்துவிட்டுக் கடைசியில் சட்டென்று விழும். வேலூர் அருகே ஒரு இரவு 13 இருக்கிறதே என்று நம்பி இருட்டில் உட்கார்ந்தேன். போகிற வருகிற ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மானி போட்ட பிறகுதான் நிம்மதி.

இன்னொன்று லடாக்கில். நவம்பரில் லே பக்கம் நிறுத்தியிருந்தேன். காலையில் நல்ல வெயில், தகட்டில் மின்சாரம் இருக்கிறது, பேட்டரி வாங்க மறுக்கிறது. பூச்சியம் டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்தால் கெட்டுவிடும் என்பதால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று தடுத்துவிடுகிறது. பேட்டரியை வண்டிக்கு வெளியே பெட்டியில் வைத்தது என் புத்திசாலித்தனம். இப்போது அது என் கட்டிலுக்கு அடியில். (இது மூடிய செல், ஹைட்ரஜன் தொல்லை இல்லை. அண்ணா கோபிக்க வேண்டாம்.)

ஒரு சந்தேகம்: என்ஜினிலிருந்து சார்ஜ் எடுக்க வெறும் ரிலே (என்ஜின் ஓடும்போது இரு பேட்டரியையும் இணைக்கும் சுவிட்ச்) போதுமா?

சேலம்ரோடு_வயர்மேன் எழுதியது:

லித்தியத்துக்குப் போதாது. அது கிடைத்ததையெல்லாம் குடிக்கும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது டைனமோவைக் கருக்கிவிடும். புதிய பி.எஸ்.6 (புகை விதி) வண்டிகள் பலவற்றில் டைனமோவே தன் விருப்பத்துக்கு வோல்ட்டைக் குறைத்துக்கொள்கிறது, அப்போது உங்களுக்கு ஒன்றும் வராது. டைனமோவிலிருந்து அளவாக எடுத்துச் சரியான வோல்ட்டில் கொடுக்கும் 20 அல்லது 30 ஆம்பியர் டி.சி. டு டி.சி. சார்ஜர் போடுங்கள். சாரின் பழைய வேனுக்கும் டியூபுலருக்கும் ரிலேவே போதும், இரு முனையிலும் ஃப்யூஸோடு.

வெயில் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டு வெயிலில் 330 வாட் தகட்டிலிருந்து ஒரு நாளைக்கு ஒன்றேகால் யூனிட் வந்தால் நல்ல நாள். சூட்டில் தகடு சோர்ந்துபோகும், கூரைக்கும் தகட்டுக்கும் நடுவில் நான்கு விரல் காற்று விடுங்கள். வேப்பமர நிழலில் நிறுத்தினால் உடம்புக்குச் சுகம், தகட்டின் ஒரு மூலையில் கிளையின் நிழல் விழுந்தால்கூட வரவு பெருமளவு படுத்துவிடும். நாங்கள் லாரிக்காரர்கள் எப்போதும் மரத்தடியைத்தான் தேடுவோம், இதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

ஊர்சுற்றி_கோவை எழுதியது:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன். 6 சதுர மில்லிமீட்டர் வயர் தரையோரமாகப் போட்டாயிற்று. முதல் கடையில் கொடுத்த வயரைச் சுரண்டினேன், வெள்ளை. கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இரண்டாவது கடையில் செம்பு கிடைத்தது. ஃப்யூஸ் இரண்டு, புதிய சாக்கெட், 12 வோல்ட் மின்விசிறி, பெட்டியிலிருந்து வெளியே குழாய். எல்லாம் சேர்த்து அந்த இரண்டாவது பேட்டரியின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

நேற்று இரவு கம்ப்ரஸர் ஓடும்போது பேட்டரியில் 12.5, ஃபிரிட்ஜில் 12.3. பழக்கதோஷத்தில் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது. பாதுகாப்பு நிலையை மேலே திருப்பியாயிற்று.

மனைவி கட்டிலுக்குத் திரும்பிவிட்டாள். புது மின்விசிறியின் சத்தம் பழையதைவிட அதிகம் என்கிறாள். அதற்கு ஏதாவது வழி உண்டா ஐயா?

சேலம்ரோடு_வயர்மேன் எழுதியது:

அடியில் பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு வையுங்கள். கேட்கவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள்.